மெய்நிகர் நோயாளியை வைத்து முடிவெடுக்கக் கற்பிப்பது எப்படி?

ரத்த அழுத்தம் பார்க்கத் தெரிந்த செவிலியர் மாணவிக்கு, அந்த எண் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வெவ்வேறு திறன்கள். இரண்டாவது திறன் வளர வேண்டுமானால், நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கும் ஒரு நோயாளியின் அருகில் மாணவி தானே நின்று யோசிக்க வேண்டும். உண்மையான வார்டில் அதற்கு இடம் தர முடியாது, தரவும் கூடாது. மூத்த செவிலியர் உடனே குறுக்கிட்டாக வேண்டும். கணினித் திரையில் வரும் மெய்நிகர் நோயாளியிடம் அந்தக் கட்டாயம் இல்லை. இதை முதன்முறையாக வகுப்பில் நடத்தப்போகும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: நோக்கம் ஒன்றே ஒன்று

மென்பொருளைத் திறக்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். செவிலியர் கல்வி ஆய்வாளர் கிறிஸ்டின் டானர் 2006-இல் வெளியிட்ட மாதிரி இதற்கு நல்ல துணை. செவிலியரின் முடிவெடுக்கும் திறனை அவர் நான்கு கட்டங்களாகப் பார்க்கிறார்: கவனித்தல், பொருள் கொள்ளுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல். நான்கையும் ஒரே அமர்வில் பிடிக்க முயல வேண்டாம். முதலாம் ஆண்டு மாணவர்கள் என்றால் கவனித்தலே போதும்.

படி 2: நோயாளியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு நோயாளி, ஒரு சிக்கல். நான்கு நோய்கள் சேர்ந்த ஒருவரைக் கொடுத்தால் புதியவர்கள் திணறிப்போவார்கள். வி-சிம் (vSim) போன்ற மெய்நிகர் நோயாளி மென்பொருள் கல்லூரியில் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். நேர வரிசைப்படி அளவீடுகளைக் காட்டும் சில ஸ்லைடுகளை வைத்தே தொடங்கிவிடலாம்.

படி 3: முன்விளக்கம்

எந்தப் பொத்தான் எதற்கு, நோயாளியிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதையெல்லாம் முதலிலேயே காட்டிவிடுங்கள். பொத்தானைத் தேடுவதிலேயே மாணவரின் கவனம் தீர்ந்துவிடக் கூடாது. இந்த அமர்வுக்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். பயந்த மாணவர் யோசிக்க மாட்டார், ஆசிரியர் விரும்பும் விடையை ஊகிப்பார்.

படி 4: நடுவில் நிறுத்துங்கள்

என் பார்வையில் முழுப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்திருக்கும் 60 கிலோ எடையுள்ள நோயாளி. அரை மணிக்கு ஒருமுறை எடுத்த அளவீடுகள் இவை.

நாடித்துடிப்பு: 88, 104, 118
ரத்த அழுத்தம்: 118/76, 114/80, 108/84
சுவாசம்: 16, 20, 24

அறுவைக் காயத்தின் மேல் போட்ட கட்டு உலர்ந்திருக்கிறது. கடந்த ஒரு மணி நேரத்தில் வந்த சிறுநீர் 20 மில்லி. நோயாளி புரண்டு புரண்டு படுக்கிறார், தாகமாக இருக்கிறது என்கிறார்.

இங்கே திரையை நிறுத்திவிட்டு, "இப்போது என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "ரத்த அழுத்தம் இயல்பாகத்தான் இருக்கிறது" என்று பலர் சொல்வார்கள். உடனே திருத்த வேண்டாம். மூன்று அளவீடுகளையும் வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி 42, 34, 24 எனச் சுருங்கி வருகிறது. நாடி ஏறுகிறது. சிறுநீர், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி என்ற வழக்கமான அளவுக்கும் கீழே போய்விட்டது. உள்ளே ரத்தம் கசிகிறதோ என்ற சந்தேகம் அப்போது மாணவருக்குத் தானாக எழும். இழந்த ரத்தத்தை ஈடுகட்ட உடல் நாடியைக் கூட்டி, ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. அதனால் மேல் அழுத்தம் சரிவது தாமதமாகத்தான் தெரியும். அதற்காகக் காத்திருக்கும் செவிலியர் நேரத்தை இழந்துவிடுவார். உலர்ந்த கட்டு எதையும் உறுதிப்படுத்துவதில்லை என்பதையும் இதே இடத்தில் பேசிவிடுங்கள்.

படி 5: மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள்

வாய்விட்டு, நிஜ அழைப்பைப் போலவே பேச வேண்டும். தகவலை நான்கு பகுதிகளாகச் சொல்லும் எஸ்பார் (SBAR) முறை உதவும்: இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் கோரிக்கை. மூன்றாவதில்தான் மாணவர்கள் தயங்குவார்கள். எண்களை ஒப்பித்துவிட்டு நின்றால், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று மருத்துவராக நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.

படி 6: பின் கலந்துரையாடல்

பயிற்சி 20 நிமிடம் என்றால் இதற்குக் குறைந்தது அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். அவசரம் என்று இதைச் சுருக்கினால் மிஞ்சுவது விளையாட்டு மட்டுமே. மென்பொருள் தரும் மதிப்பெண்ணையும் இங்கே கொண்டுவராதீர்கள். வரிசையாகச் சொடுக்கிப் பார்த்தே 95 வாங்கிவிடலாம்.

"ஏன் செய்யவில்லை?" என்ற கேள்வி குற்றச்சாட்டாக ஒலிக்கும். "இரண்டாவது அளவீட்டைப் பார்த்தபோது மனதில் என்ன ஓடியது?" என்று கேட்டால் மாணவர் தன் சிந்தனையைத் திறந்து காட்டுவார். அதைக் கேட்ட பிறகுதான் எங்கே பிசகியது என்பது உங்களுக்கும் தெரியும்: நாடியைக் கவனிக்கவே இல்லையா, கவனித்தும் வலியால் ஏறியதாக எடுத்துக்கொண்டாரா? இரண்டையும் திருத்தும் வழி வேறு.

படி 7: சற்றே மாற்றி மறுபடியும்

ஒரு வாரம் கழித்து அதே நோயாளியைக் கொடுங்கள். ஆனால் இம்முறை நாடி ஏறுவதற்குக் காரணம் உண்மையிலேயே வலியாக இருக்கட்டும்: ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறுகிறது, சிறுநீர் சரியாகப் போகிறது, வலி மருந்து கொடுத்ததும் நாடி இறங்குகிறது. போன முறை விடையை மனப்பாடம் செய்தவர் "ரத்தக் கசிவு" என்பார். முன்னேற்றத்தைக் குறித்துவைக்க, டானரின் நான்கு கட்டங்களை அடிப்படையாகக் கொண்டு கேத்தி லசேட்டர் 2007-இல் வெளியிட்ட மதிப்பீட்டு அட்டவணையைப் பயன்படுத்துங்கள். அடுத்த வார்டு பணிக்குப் போகும்போது, உண்மையான நோயாளி ஒருவரின் கடைசி மூன்று அளவீடுகளைக் காட்டி, படி 4-இல் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்.