அடுத்த ஊருக்குக் கிளம்பும் நாள்: தங்கிய இடத்தில் கடைசி நாளை வீணாக்காமல் இருப்பது எப்படி?

பல ஊர்களைத் தொட்டுச் செல்லும் பயணத்தில், ஓரிடத்தில் தங்கும் கடைசி நாள் பலருக்கும் பெட்டி கட்டுவதிலும் கடிகாரத்தைப் பார்ப்பதிலுமே கரைந்துவிடுகிறது. அந்த நாள் நம் கையில் இருக்க வேண்டுமானால், அதற்கான வேலைகளை முந்தைய இரவே முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுங்கள். பன்னாட்டு விமானம் மாலை 6 மணிக்கு என்றால், 3 மணிக்கு நிலையத்தில் இருப்பது நல்லது. பயணப்பதிவுக் கவுன்ட்டர் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன்பே மூடப்பட்டுவிடும். நிலையத்துக்குப் போக ஒரு மணி நேரமும், வழியில் ஏற்படும் நெரிசலுக்கு அரை மணி நேரமும் ஒதுக்கினால், 1.30 மணிக்கு வண்டியில் ஏற வேண்டியிருக்கும். ஆக, மிச்சம் இருப்பது காலைப் பொழுது மட்டுமே என்பது முதல் நாள் இரவே தெளிவாகிவிடும்.

பெட்டி கட்டும்போது, அடுத்த ஊரில் முதல் இரவுக்குத் தேவையானவற்றை மேலாக வையுங்கள். பவர் பேங்கைச் சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்; 100 வாட்-மணி (Wh) மின்கொள்ளளவு வரையிலானவற்றுக்குப் பொதுவாக முன்னனுமதி தேவையில்லை. காயாத துணி இருந்தால், அதை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்து இறுகச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். ஈரத்தில் பெரும்பகுதியைத் துண்டு உறிஞ்சிக்கொள்வதால், விடிவதற்குள் துணி காய்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

அறையைச் சோதிப்பதற்கு நான் மிகுந்த முக்கியத்துவம் தருகிறேன். ஒருமுறை கடவுச்சீட்டை அறையின் பாதுகாப்புப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, பாதி வழி போன பிறகு திரும்பி ஓடி வந்த அனுபவம் எனக்கு உண்டு. அன்றிலிருந்து, மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய காலணியில் ஒன்றை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். பெட்டி சிறியதாக இருந்தால் காலுறையில் ஒன்று. அதை எடுக்காமல் வாசலைத் தாண்ட முடியாது அல்லவா? கட்டிலுக்குப் பின்னால் உள்ள பிளக்கில் சார்ஜர், குளியலறைக் கதவின் பின்புறக் கொக்கியில் துணி, கசங்கிய போர்வைக்குள் கண்ணாடி என்று பொருள்கள் மறைந்துகொள்ளும் இடங்கள் ஏறக்குறைய எல்லா அறைகளிலும் ஒன்றுதான். போர்வையை உதறிப் பார்த்துவிட்டு, விளக்குகளை எல்லாம் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

அறையைக் காலி செய்யும்போது ரசீதை வரிவரியாகப் படியுங்கள். முன்பணமாகக் கார்டில் முடக்கிவைத்த தொகை விடுபடச் சில நாள்கள் ஆகலாம் என்பதால், அதை நம்பி அடுத்த ஊரின் செலவைத் திட்டமிட வேண்டாம். பெரும்பாலான விடுதிகளில், அறையை ஒப்படைத்த பிறகும் பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்கள்; கேட்டால் போதும்.

மீதமுள்ள மணி நேரங்களில், பார்க்காமல் விட்ட தொலைவான இடத்துக்கு ஓடுவதைவிட, ஏற்கெனவே பிடித்துப்போன, நடந்து போகக்கூடிய ஓரிடத்துக்கு மறுபடியும் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். வழி பழகியிருப்பதால் பதற்றம் இருக்காது. முதல் முறை கவனிக்காமல் போனவையும் கண்ணில் படும். நாடு மாறுவதாக இருந்தால், கையிலுள்ள நாணயங்களை அங்கேயே செலவழித்துவிடுங்கள், ஏனென்றால் வெளிநாட்டுப் பணத்தை மாற்றித் தருபவர்கள் பொதுவாகப் பணத்தாள்களை மட்டுமே வாங்குவார்கள்.

இணைய வசதி இருக்கும்போதே, அடுத்து தங்கும் இடத்தின் முகவரியை அந்த ஊர் மொழியிலும், அங்குள்ள வரைபடத்தையும், பயணச்சீட்டின் படத்தையும் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். நேர மண்டலம் மாறினால், சீட்டில் அச்சிட்டிருக்கும் வருகை நேரம் போய்ச் சேரும் ஊரின் நேரம் என்பதை அழைத்துச் செல்ல வருபவரிடம் சொல்லிவிடுங்கள். வண்டியில் ஏறியதும், கைப்பை உட்பட எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்த பிறகே வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள்.