நிரூபணத்தைத் தலைகீழாக எழுதுவதும் வேறு சில தவறுகளும்

இளங்கலைக் கணிதம் முதலாண்டு மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும்போது, ஒரு காலத்தில் என் தாளில் சிவப்பு மை சுழித்த அதே இடங்களை இப்போது நான் சுழித்துக்கொண்டிருக்கிறேன். கூட்டல் குறி கழித்தலாக மாறுவது, பூச்சியத்தால் வகுப்பது, நாலைந்து எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று முடிப்பது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை சுட்டிக்காட்டினால் அவை பெரும்பாலும் போய்விடும். சுட்டிக்காட்டிய பிறகும் திரும்பத் திரும்ப வருபவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

நிரூபிக்க வேண்டியதிலிருந்தே தொடங்குவது

இரண்டு மிகை எண்களின் கூட்டுச் சராசரி, அவற்றின் பெருக்குச் சராசரியைவிடக் குறைவாக இருக்காது என்று நிரூபிக்கச் சொன்னால், வகுப்பில் பாதிப் பேர் எழுதுவது இதுதான்:

(அ + ஆ) / 2 ≥ √(அ × ஆ)
அ + ஆ ≥ 2√(அ × ஆ)
(அ + ஆ)² ≥ 4 × அ × ஆ
(அ − ஆ)² ≥ 0
இது உண்மை. எனவே நிரூபிக்கப்பட்டது.

ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து சரியாகவே வருகிறது. ஆனால் மொத்தத்தில் இது சொல்வது, ‘கேட்கப்பட்ட கூற்று உண்மையானால் ஒரு மெய்யெண்ணின் வர்க்கம் குறை எண்ணாக இருக்காது’ என்பதை மட்டுமே. வர்க்கம் குறை எண்ணாகாது என்பது யாருடைய துணையும் இல்லாமலேயே உண்மை. பொய்யிலிருந்து உண்மையைப் பெறுவதில் தர்க்கத்துக்கு எந்தத் தடையும் இல்லை: 1 = −1 என்று எழுதி இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 1 = 1 கிடைக்கும்.

இப்படி எழுதிய ஒரு மாணவியிடம் இரண்டு எண்களையும் −1 என்று வைத்து அதே வரிகளை எழுதிப் பார்க்கச் சொன்னேன். முதல் வரி −1 ≥ 1 என்றும், மூன்றாவது வரி 4 ≥ 4 என்றும், கடைசி வரி 0 ≥ 0 என்றும் வந்தன. “கணக்கில் மிகை எண்கள் என்றுதானே சார் கொடுத்திருக்கிறார்கள்?” என்றார். “கொடுத்திருக்கிறார்கள், அதை நீங்கள் எந்த வரியில் பயன்படுத்தினீர்கள்?” என்று கேட்டதும் தாளை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். எங்கும் இல்லை. அதே வரிகளைக் கீழிருந்து மேலாக எழுதியிருந்தால், வர்க்கத்திலிருந்து வர்க்கமூலத்துக்கு வரும் இடத்தில் ‘இரண்டும் மிகை எண்கள் ஆதலால்’ என்று எழுதியே ஆக வேண்டியிருந்திருக்கும். கொடுக்கப்பட்ட நிபந்தனை நிரூபணத்தில் ஓர் இடத்திலும் தலைகாட்டவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் தவறைத்தான்.

முடிவிலிருந்து பின்னோக்கிச் சென்று வழியைத் தேடுவதில் குற்றமில்லை. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கணிதர் பாப்பஸ், தேடப்படுவதைக் கிடைத்துவிட்டதாகக் கொண்டு பின்னோக்கிச் செல்வதையும், பிறகு அந்த வரிசையைத் திருப்பி முன்னோக்கிக் கட்டுவதையும் கிரேக்க வடிவியலின் இரண்டு தனித்தனி வேலைகளாகவே பிரித்துச் சொல்கிறார். நம் மாணவர்கள் முதல் வேலையை ரஃப் ஒர்க்காகச் செய்து, அதையே விடையாகப் படியெடுத்துவிடுகிறார்கள். மேற்கண்ட கணக்கைத் திருப்பி எழுதினால் அது சுருங்கியும் விடுகிறது: (√அ − √ஆ)² ≥ 0, விரித்தால் அ + ஆ ≥ 2√(அ × ஆ). மூலங்கள் இருப்பதற்கே மிகை எண் என்ற நிபந்தனை தேவைப்படுகிறது.

இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம், இது மாணவர்களாகக் கண்டுபிடித்தது அன்று என்பதே. பள்ளியில் முக்கோணவியல் முற்றொருமைகளை நிரூபிக்கும்போது இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் முதல் வரியிலேயே சமக்குறியால் இணைத்து, இருபுறமும் அடித்து அடித்து 1 = 1 என்று முடித்தவர்களுக்கும் முழு மதிப்பெண் விழுந்திருக்கிறது. அங்கே படிகள் பெரும்பாலும் திரும்பக்கூடியவையாக அமைந்துவிடுவதால் சேதம் தெரிவதில்லை. கல்லூரியில் மெய்ப் பகுப்பாய்வுத் தாளில் எல்லையை நிரூபிக்கும்போது, எப்சிலான் (சார்பின் மதிப்பு எல்லையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவு) சமனிலியிலிருந்து தொடங்கி டெல்டாவை (அதற்கு மாறி எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும் என்ற அளவு) கண்டுபிடித்த வரியோடு விடையை முடித்துவிட்டு, அந்த டெல்டா உண்மையில் போதுமானது என்று காட்டாமலேயே விடுகிறார்கள். நிரூபணம் என்பது அந்த விடுபட்ட பகுதிதான்.

தொகுத்தறிதலில் அடிப்படைப் படியை விடுவது

தொகுத்தறிதலில், ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டுவதோடு, முதல் எண்ணுக்கு உண்மை என்றும் காட்ட வேண்டும்; அதுவே அடிப்படைப் படி. அதை விட்டால், ஒவ்வோர் எண்ணும் தனக்கு அடுத்த எண்ணுக்குச் சமம் என்றுகூட நிரூபித்துவிடலாம்.

மறுதலையைத் தேற்றமாகப் பயன்படுத்துவது

2ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், 2இன் அடுக்காக அதைவிட ஒன்று குறைந்த எண்ணை வைத்து அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து கிடைக்கிறது. மீதி 1 வந்தால் அது பகா எண் என்பது அதைத் திருப்பிச் சொல்லும் மறுதலை; அது வேறு கூற்று, அது பொய். 300 வரை சோதித்தாலும் அது பொய் என்று தெரியாது. முதலில் 341இல்தான் உடைகிறது: 2³⁴⁰ஐ 341ஆல் வகுத்தால் மீதி 1, ஆனால் 341 = 11 × 31.

‘ஒவ்வொன்றுக்கும்’, ‘ஏதேனும் ஒன்று’ ஆகியவற்றின் வரிசையை மாற்றுவது

ஒவ்வோர் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு. எல்லா எண்களையும்விடப் பெரிய எண் ஒன்று இல்லை. இப்படிச் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. எப்சிலான், டெல்டா என்று வந்ததும் வருகிறது. மாணவர்களை இதற்காக அதிகம் கடிந்துகொள்வதற்கில்லை. தொடர்ச்சியான சார்புகளாலான ஒருங்கும் தொடரின் (உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு மதிப்பை நெருங்கும் தொடரின்) கூடுதலும் தொடர்ச்சியான சார்பே என்று 1821இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷியே எழுதினார்; அதற்கு விதிவிலக்குகள் உண்டு என்று 1826இல் நார்வே கணிதர் ஆபெல் காட்டினார். புள்ளிக்குப் புள்ளி மாறும் ஓர் எண்ணையும், எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாகப் போதுமான ஓர் எண்ணையும் ஒன்றாகக் கொள்வதிலிருந்துதான் அந்தச் சிக்கல் எழுகிறது. ஒரு கூற்றை எழுதியவுடன், இந்த எண் எதைப் பொறுத்து மாறலாம் என்று அதன் அருகிலேயே குறித்துக்கொள்வது எங்கள் வகுப்பில் ஓரளவு பயன் தந்திருக்கிறது.

தேவையில்லாத முரண்பாடு

ஓர் ஒற்றை எண்ணின் வர்க்கமும் ஒற்றை எண் என்று காட்ட, ‘வர்க்கம் இரட்டை எண் எனக் கொள்வோம்’ என்று தொடங்கி, அந்தக் கருத்தை எங்கும் தொடாமல் வர்க்கத்தை விரித்து அது ஒற்றை எண் என்று கண்டு, ‘இது முரண்பாடு’ என்று முடிக்கிறார்கள். முதல் வரியையும் கடைசி வரியையும் அடித்துவிடுங்கள். நடுவில் இருப்பது முழுமையான நேரடி நிரூபணம்.