ஊசியைத் துரத்துவதை எப்படி நிறுத்தினேன்

அமெரிக்காவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் தகுதி) பயிற்சியில் இருந்தபோது ஐஎல்எஸ் அப்ரோச், அதாவது ஓடுதளத்திலிருந்து வரும் ரேடியோ கற்றையைப் பிடித்து இறங்குவது, எனக்குக் கைவரவே இல்லை. ஓடுதளத்தின் நேர்கோடு எந்தப் பக்கம் என்று காட்டும் லோக்கலைசர் ஊசி இடப்பக்கம் போனால் நானும் இடப்பக்கம் திரும்புவேன். அது நடுவுக்கு வந்ததும் நிற்காமல் வலப்பக்கம் ஓடிவிடும். ஓடுதளம் நெருங்க நெருங்கக் கற்றை குறுகும், ஊசி இன்னும் துள்ளும். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விடுவார். திட்டியிருந்தாலே பரவாயில்லை.

சரி என்று வீட்டுக் கணினியில் எக்ஸ்-பிளேன் என்ற விமான சிமுலேட்டரைத் திறந்தேன். செஸ்னா 172 என்ற சிறிய விமானம், தரையிலிருந்து 300 அடியில் மேகம், காற்றே இல்லை. வேகம் 90 நாட், இறக்கம் நிமிடத்துக்குச் சுமார் 480 அடி. எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான்: ஊசியைப் பார்த்துத் திரும்பக்கூடாது, திசைகாட்டியில் ஒரு எண்ணைப் பிடிக்க வேண்டும். ஊசி நகர்ந்தால் 2 அல்லது 3 டிகிரி மட்டும் திருத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் கஷ்டம், கை பரபரக்கும். ஒவ்வொரு முறையும் இறங்கிய பாதையை வரைபடத்தில் பார்த்தேன். முதல் நாள் பாம்பு நெளிந்த தடம். நாலாம் நாள் கிட்டத்தட்ட நேர்கோடு. அப்புறம் 10 நாட் பக்கக்காற்றைச் சேர்த்தேன்.

இந்த மணிநேரங்கள் பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் ஏறாது; அதற்கு எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) அங்கீகரித்த கருவி வேண்டும். ஜாய்ஸ்டிக்கில் ட்ரிம் (கை அழுத்தாமலே விமானம் நிலையாகப் பறக்கச் செய்யும் சரிக்கட்டல்) உணர்வும் பொய்தான். நிஜ மேகத்துக்குள் போனபோது விமானம் சாய்ந்துவிட்டதாக உடம்பு அடித்துச் சொன்னது, கருவியோ மட்டம் என்றது. அதை மேசை நாற்காலி கற்றுத்தரவில்லை. ஆனால் ஊசி அன்று நடுவில் நின்றது.