'சுத்': ரஷ்யன் மொழியின் குட்டிச் சொல்லைப் படிப்படியாகப் பழகுவோம்

ரஷ்யன் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே 'சுத்' என்ற சொல் காதில் விழுந்துவிடும். அகராதியில் 'கொஞ்சம்' என்று போட்டிருக்கும். நானும் அப்படித்தான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் வகுப்புத் தோழி ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்து உட்கார்ந்து, "சுத் நி அப்பஸ்தாலா" என்றாள். 'அப்பஸ்தாலா' என்றால் தாமதமாக வந்தேன். 'நி' என்றால் இல்லை. கொஞ்சமும் தாமதமில்லை என்கிறாளா? அப்புறம் எதற்கு இத்தனை மூச்சிரைப்பு? விடை நான்காம் படியில் இருக்கிறது.

படி 1: வாயில் வரவழையுங்கள்

முதல் எழுத்து 'பசி'யில் வரும் ச அல்ல, 'பச்சை'யில் வரும் ச. கடைசி எழுத்துக்கு 'தி' என்று சொல்லப் போங்கள். நாக்கு அந்த இடத்துக்கு வந்ததும் இகரத்தை விழுங்கிவிடுங்கள். பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். அந்த இகரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இப்போதே தேவைப்படும்.

படி 2: வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய ரஷ்யனில் இது 'சுதி' என்ற வினைச்சொல். உணர்வது, கேட்பது என்று பொருள். காலப்போக்கில் கடைசி இகரம் தேய்ந்துபோனது. நீங்கள் இப்போது விழுங்கிய இகரம் அதன் மிச்சம்தான்! 'உணரலாம், அவ்வளவுதான்' என்ற நிலையிலிருந்து 'இருக்கிறது என்று தெரிகிற அளவு' என்ற பொருள் பிறந்தது. அளவைச் சொல்லும் சொல்லுக்குள் ஒரு புலன் ஒளிந்திருக்கிறது. எனக்கு இந்தச் சொல் இவ்வளவு பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

உறவுக்காரர்களைப் பாருங்கள். ரஷ்யனில் 'சூஸ்த்வா' என்றால் உணர்வு. நாயின் மோப்பத் திறனுக்கு 'சுத்யோ' என்று பெயர். உக்ரைன் மொழியில் 'சூயு' என்றால் 'எனக்குக் கேட்கிறது'. இன்னும் பின்னால் போனால், சமஸ்கிருதத்தின் 'கவி'யையும் மொழியியலாளர்கள் இதே வேரோடு சேர்க்கிறார்கள். உணர்ந்தறிபவர் என்பதுதான் அதன் பழைய பொருள். நாம் கவி என்று எழுதுகிறோமே, அந்தச் சொல்தான்.

படி 3: எளிய இடங்களில் போட்டுப் பாருங்கள்

'சுத் போல்ஷெ' என்றால் இன்னும் கொஞ்சம் கூட. 'சுத் தீஷெ' என்றால் இன்னும் கொஞ்சம் மெதுவான சத்தத்தில். 'சுத் ஸ்லிஷ்னா' என்றால் கேட்டும் கேட்காமலும்.

இரட்டித்தால் அளவு இன்னும் சுருங்கும். சமையலறையில் 'சுத்-சுத் சோலி' என்றால் துளியூண்டு உப்பு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நமக்கு இரட்டித்ததும் 'கொஞ்சம் கொஞ்சமாக' என்று தோன்றும். அது தவறு. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருந்தால் குழம்பு கெட்டுப்போகும். ஒரே ஒரு சிட்டிகை, அதோடு கை நின்றுவிட வேண்டும்.

படி 4: 'சுத் நி' — இதில் நிதானமாக நில்லுங்கள்

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

சுத் அப்பஸ்தாலா: கொஞ்சம் தாமதமாக வந்தேன். (தாமதம் நடந்துவிட்டது.)

சுத் நி அப்பஸ்தாலா: தாமதமாகியிருக்கும், தப்பித்தேன். (நடக்கவில்லை.)

தோழியின் மூச்சிரைப்புக்குக் காரணம் அதுதான். 'சுத் நி' வந்து, பின்னால் இறந்தகால வினையும் வந்தால், அந்தச் செயல் நடக்கும் விளிம்புவரை வந்து நின்றுபோனது என்று பொருள். பனியில் வழுக்கிய ஆண் 'சுத் நி உப்பால்' என்பார், பெண் 'சுத் நி உப்பாலா' என்பார். தமிழில் என்ன சொல்வோம்? 'விழப் பார்த்தேன்'. நாமும் ஒரு புலனைத்தானே இழுத்து வருகிறோம்! அவர்களுக்கு உணர்வது, நமக்குப் பார்ப்பது. இந்த ஒற்றுமை பிடிபட்ட நாளிலிருந்து எனக்கு இந்தத் தொடர் தவறியதே இல்லை. 'சுத் நி' கேட்டதும் மனதுக்குள் '-ப் பார்த்தேன்' என்று முடியுங்கள்.

படி 5: இரண்டு தொடர்களை அப்படியே விழுங்குங்கள்

'ஸ்வெத்' என்றால் வெளிச்சம். 'சுத் ஸ்வெத்' என்றால் விடிந்தும் விடியாததுமாக. 'ஷ்தோ' என்றால் என்ன, ஏதாவது. 'சுத் ஷ்தோ, ப்லாச்சித்' என்றால் தொட்டதற்கெல்லாம் அழுகிறாள். இரண்டையும் பிரித்துப் பொருள் தேட வேண்டாம்.

படி 6: எழுதிப் பழகுங்கள்

இன்றைக்கு நடக்கப் பார்த்து நடக்காமல் போன மூன்று விஷயங்களை 'சுத் நி' போட்டு எழுதுங்கள். பாலைப் பொங்கவிடப் பார்த்தது, பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தது, எதுவானாலும் சரி. முதல் வாக்கியத்தை நானே தருகிறேன்: 'சுத் நி ஸபில்', மறக்கப் பார்த்தேன்.

ஆமாம், ஒன்றைச் சொல்ல நிஜமாகவே மறக்கப் பார்த்தேன். நடுவில் ஒரு 'லி' நுழைந்து 'சுத் லி நி' என்றும் வரும். இந்த 'லி' நம்முடைய 'ஓ' மாதிரி சந்தேகத்தைக் கொண்டுவரும். 'சுத் லி நி காஜ்தி தேன்' என்று யாராவது சொன்னால், 'தினமும் என்றே சொல்லலாம்' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.