பழைய கார் உதறுகிறதா? பிளக்கில் கை வைப்பதற்கு முன்

நம் மலேசியாவின் வீராவோ ஈஸ்வராவோ கஞ்சிலோ, இருபது வருடம் ஓடிய கார் ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது உதற ஆரம்பிக்கும். எண்ணெய் மிதியை அழுத்தினால் சற்றுத் தயங்கிவிட்டுத்தான் நகரும். உடனே நம் ஆட்கள் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போய் நாலு ஸ்பார்க் பிளக் வாங்கி வருவார்கள். அதில் கேட்கவில்லையென்றால் பிளக் வயர், அப்புறம் பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில், அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையிலிருந்து, இஞ்சினின் கணினியான ஈசியு ஒன்று. பணம் போயிருக்கும், உதறல் அப்படியே இருக்கும். "அண்ணே, எல்லாத்தையும் மாத்திட்டேன், இன்னும் துள்ளுது" என்ற புலம்பலைக் கேட்காத ஃபோமன் (மெக்கானிக்) பினாங்கில் பட்டர்வொர்த்திலும் இல்லை, பாயான் பாருவிலும் இல்லை.

சாமான் மாற்றுவது சோதனை ஆகாது. முதலில் நோய் எங்கே என்று பிரிக்க வேண்டும். அதற்குப் பாதி நேரம் கருவியே தேவைப்படாது.

"பிக்கப் இல்லை" என்று சொல்வதற்கு முன் மிதியை அழுத்திக்கொண்டே, இஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் சட்டென்று ஏறி, வண்டி மட்டும் நகரவில்லையென்றால் இஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். ஆட்டோ கியர்பாக்ஸோ கிளட்சோ வழுக்குகிறது. முள்ளே ஏறத் தயங்கினால்தான் இஞ்சின் பக்கம் வரவேண்டும். அதேபோல, கியரை டி-யில் போட்டு பிரேக்கில் நிற்கும்போது ஸ்டியரிங் ஆடுகிறது, ஆனால் முள் ஆடாமல் நிற்கிறது, நியூட்ரலுக்கு மாற்றினால் ஆட்டம் குறைகிறது என்றால், பெரும்பாலும் இஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் போயிருக்கும். பழைய கார்களில் இது சர்வசாதாரணம். இதற்குப் போய் காயில் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

இஞ்சின்தான் என்று தெரிந்துவிட்டால், அடுத்து 'எப்போது?' என்று கேட்க வேண்டும். நான் இதற்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். நின்றுகொண்டிருக்கும்போது உதறி, ஆர்பிஎம் ஏற்றினால் சரியாகிவிடுகிறதா? எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று சந்தேகப்படலாம்: வெடித்த வேக்குவம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட். நம் ஊர் வெயிலில் இஞ்சின் அறைக்குள் கிடக்கும் ரப்பர் காய்ந்து மொறமொறவென்று ஆகிவிடும். கையால் மடக்கிப் பார்த்தாலே விரிசல் தெரியும். நிற்கும்போது நன்றாக இருந்து, மேட்டில் மட்டும் துள்ளுகிறதா? பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி பாய்வதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயிலும் தேய்ந்த பிளக்கும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பெட்ரோல் போதுமான அளவு வராத காரும் அங்கேதான் மூச்சுத் திணறும். அதனால் வீட்டு வாசலில் நிறுத்திவைத்து விர்ர்ர் என்று முறுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலிக் புலாவ் மேட்டில் ஏற்றிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும்.

பினாங்குப் பாலத்து ஜாமில் வெகுநேரம் நின்ற பிறகுதான் உதறுகிறது, ஆறியதும் சரியாகிவிடுகிறது என்றால் காயிலைச் சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும். ஆறிய காயிலை மீட்டரில் வைத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் தவறு வொர்க்‌ஷாப்பிலும் நடக்கிறது.

மழை நாளில் மட்டும் வரும் உதறல் தனிக் கதை. செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் கொட்டும் மழைக்கு, ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த கார்கள் முதலில் படுத்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி வெளிச்சத்தில் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறதா? அந்தக் கோடுதான் குற்றவாளி. பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகத் தாவிவிடுகிறது. துணியால் துடைத்து மாட்டினால் இரண்டு நாள் தாங்கும், மறுபடி வரும். கேப்பையும் அதற்குள் சுழலும் ரோட்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, இரவில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு இஞ்சினை ஓடவிட்டு போனட்டைத் திறங்கள். வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நீலப் பொறி பறப்பது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் தள்ளி வையுங்கள்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. தீபாவளிக்கு முன் காரைக் கழுவக் கொடுக்கும்போது இஞ்சினையும் பிரஷரில் அடிக்கச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிளக் நடுக் குழியில் உட்கார்ந்திருக்கும் இஞ்சின்களில் தண்ணீர் அந்தக் குழியில் தேங்கிவிடும். பண்டிகைக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும், மறுநாள் மூன்று சிலிண்டரில் ஓடும். குழிக்குள் தண்ணீருக்குப் பதில் கறுப்பு எண்ணெய் (இஞ்சின் ஆயில்) நின்றால், மேல்மூடியில் இருக்கும் பிளக் குழி சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் புது பிளக்கும் புது காயிலும் போட்டால் அவையும் எண்ணெயில் ஊறிக் கெடும்.

சரி, காரின் கணினி பதிந்து வைத்த கோளாறுக் கோடைப் படிக்கும் ஸ்கேனர். மலிவான புளூடூத் ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொண்டு எல்லாக் காரிலும் பேசும் என்று நினைக்கிறார்கள். ஸ்கேனர் பேசும் பொது மொழியான ஓபிடி-2 அமெரிக்காவில் கட்டாயமானதே 1996-இல்தான். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல். தொண்ணூறுகளில் நம் ஊரில் ஓடத் தொடங்கிய கார்கள் பலவற்றுக்கு அந்த மொழியே தெரியாது. பேசும் காராக இருந்தால், பி0301 என்ற கோட் வந்தால் முதல் சிலிண்டரில் எரியவில்லை என்று மட்டுமே பொருள். ஏன் என்று அது சொல்லாது. தனிக் காயில் வைத்த இஞ்சினில் முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட் பி0303-ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கை இடம் மாற்றுங்கள், அப்புறம் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரை. ஒரு காசு செலவில்லாத சோதனை இது. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றிவிட்டால் மட்டும் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். கோடைப் படித்துக் குறித்துக்கொள்வதற்கு முன் அழிப்பது, "ரீசெட் பண்ணினா சரியாயிடும்" என்று பேட்டரி வயரைக் கழற்றுவது, இரண்டுமே இருக்கும் ஒரே சாட்சியைக் கலைப்பதுதான்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, ஓடும் இஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விட்டுவிடுங்கள். ஷாக் அடிப்பது ஒரு பக்கம். போக வழியில்லாத உயர் வோல்டேஜ் காயிலையும் அதை இயக்கும் இக்னைட்டரையும் கெடுக்கும், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். அதற்குப் பதில் இன்ஜெக்டர் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது இஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் சோம்பேறி. உதறிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டினால் கன்வர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொள்ளும். பிளக்கில் தொடங்கிய கோளாறு, பிளக் மாற்றிய பிறகும் இழுவை இல்லாத காராக முடிவது இப்படித்தான். செக் இஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் காரை ஓரங்கட்டுவது நல்லது.

மிதி சொன்ன பேச்சைக் கேட்காத காருக்கு எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம், இஞ்சினுக்குள் போகும் காற்றைத் தட்டால் திறந்து மூடும் திராட்டில் பாடியைக் கழுவுவது. கழுவலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் ஒருவரை மிதியை முழுசாக மிதிக்கச் சொல்லிவிட்டு, கேபிள் வைத்த காரில் திராட்டில் தட்டு முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். தொய்ந்த கேபிளும், கால் மேட் மேல் இன்னொரு மேட் போட்டு மிதிக்குக் கீழே மடங்கிக் கிடக்கும் ரப்பரும் தடுத்துவைக்கும் 'பவர்' கொஞ்சநஞ்சமல்ல. ஐடில் (நிற்கும்போது ஓடும் வேகம்) சரியில்லை என்று தட்டு மூடும் இடத்தில் இருக்கும் ஸ்டாப் ஸ்குருவைத் திருகாதீர்கள். அது தொழிற்சாலையில் வைத்த அளவு. கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் திராட்டில் என்றால், சாவி ஆனில் இருக்கும்போது தட்டை விரலால் தள்ளவே கூடாது. திராட்டில் சென்சாரை மீட்டரில் பார்க்கும்போது, மூடிய நிலையில் சுமார் அரை வோல்ட்டில் தொடங்கி, முழுசாகத் திறக்கும்போது நாலு வோல்ட்டைத் தாண்டி, நடுவில் எங்கும் விழாமல் ஏற வேண்டும். நடுவில் ஒரு குழி விழுந்தால், மிதிக்கும் அதே இடத்தில் காரும் தடுக்கும்.

ஈஸ்வரா, கஞ்சில் மாதிரி கார்புரேட்டர் கார்களில் மிதித்ததும் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறதா? மிக்சர் ஸ்குருவைத் திருகித் திருகிப் பார்த்துப் பயனில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி திராட்டிலைக் கையால் திறங்கள். பெட்ரோல் உடனே பீச்சியடிக்க வேண்டும். சொட்டினாலோ வராமலே இருந்தாலோ ஆக்சிலரேட்டர் பம்ப்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம். பக்கத்தில் சிகரெட்டோடு யாரும் நிற்கக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

ரோன்97 பெட்ரோல் ஊற்றினால் உதறல் போகும் என்பதை நம்ப வேண்டாம். ஆக்டேன் என்பது இஞ்சினில் 'நாக்' (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும் சத்தம்) வராமல் தடுக்கும் திறன். எரியாத சிலிண்டரை அது எரிய வைக்காது.

இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையென்றால் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் எவ்வளவு என்று அளந்து எடுங்கள். நியாயமாக, பெரிய செலவு எதற்கும் முன்னால் இதைத்தான் செய்திருக்க வேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் பொறியையும் நிறுத்தி, மிதியை முழுசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு இஞ்சினைச் சுற்ற வேண்டும். மிதியை விட்டுவிட்டு எடுத்த அளவு பொய் சொல்லும். ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு கரண்டி கறுப்பு எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. என்ஜிவி (இயற்கை எரிவாயு) போட்டு ஓடிய பழைய டாக்சிகளில் வால்வு சீட் தேய்வது அடிக்கடி பார்ப்பது. நாலுமே சேர்ந்து இறங்கியிருந்து, அண்மையில் டைமிங் பெல்ட் மாற்றியிருந்தால், பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று குறியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வால்வோ ரிங்கோ போயிருந்தால் ஓவர்ஹாலா, ஹாஃப்கட் இஞ்சினா (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரின் இஞ்சினா) என்ற கணக்கு வரும். ஹாஃப்கட் என்று முடிவெடுத்தால், புது இஞ்சின் எண்ணை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் மாற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது தராத கடையில் இஞ்சின் வாங்காதீர்கள்.