தோபா ஏரிக்கு முதல் பயணம்: படகு, பைக், பாதை

ஜூன் விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: "எங்கேயாவது குளிர்ச்சியா போகலாம்." கேமரன் மலைக்கு மூன்று முறை போயாயிற்று. போன தடவை இந்தோனேசியாவில் சுமத்ராவின் தோபா ஏரிக்குப் போனோம். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய நீர் அது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், 500 மீட்டர் வரை ஆழம்.

கிளம்புமுன் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏரியின் நடுவே இருக்கும் சமோசிர் தீவு ஏறத்தாழ 630 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சிறியது, அங்கே எம்ஆர்டி ரயிலும் கிடையாது. "காலையில் தீவைச் சுற்றிவிட்டு மதியம் நீந்தலாம்" என்று நான் போட்ட திட்டம் முதல் நாளே கந்தலானது. குறைந்தது மூன்று இரவுகள் வேண்டும்.

படி 1: மேடான் வரை

சிங்கப்பூரிலிருந்து சுமத்ராவின் மேடான் நகரத்துக் குவாலானாமு விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளவேண்டும். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசாவுக்கும் பணம் எடுத்துவையுங்கள். இந்தோனேசிய ரூப்பியாவை லிட்டில் இந்தியாவிலேயே மாற்றிவிடுங்கள். தீவின் சிறு கடைகளில் ரொக்கம்தான் செல்லும்.

படி 2: பராபாட் படகுத்துறை

விமான நிலையத்திலிருந்து கரையோர ஊரான பராபாட்டுக்கு, போக்குவரத்தைப் பொறுத்து மூன்றரை முதல் ஐந்து மணி நேரம் ஆகும். குடும்பமாகப் போனால் ஓட்டுநரோடு தனி வண்டி பேசிக்கொள்வதே நல்லது. பங்கு வண்டி மலிவு, ஆனால் ஆள் நிரம்பும்வரை கிளம்பாது.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். மதிய விமானம் எடுத்து, வழியில் சாவகாசமாகச் சாப்பிட்டு, துறைக்கு வந்தபோது மணி ஏழரை. கடைசிப் படகு எப்போதோ போய்விட்டது. இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். "தம்பி, பேசாம கேமரனுக்கே போயிருக்கலாம்" என்றார் அம்மா. அன்றிரவு பராபாட்டிலேயே ரூம் போட்டோம். ஆகவே காலை விமானம்தான். மாலை நாலு மணிக்குள் துறையில் நில்லுங்கள்.

படி 3: சரியான படகு

துறைகள் இரண்டு. வண்டி ஏற்றும் பெரிய ஃபெரிகள் அஜிபாத்தாவிலிருந்து தீவின் தோமோக்குக்குப் போகும். நமக்கு வேண்டியது திகாராஜா துறை. அங்கிருந்து தீவில் விடுதிகள் இருக்கும் துக்துக்குக்குப் பயணிகள் படகு போகும். தங்கும் இடத்தின் பெயரைப் படகுக்காரரிடம் சொல்லுங்கள். விடுதிக்குச் சொந்தத் துறை இருந்தால் அதன் வாசலிலேயே இறக்கிவிடுவார்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். 2018 ஜூன் 18 அன்று, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு ஒன்று இதே ஏரியில் மூழ்கி, நூற்றுக்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், பிள்ளைகளுக்கு உடனே மாட்டுங்கள். கூட்டம் பிதுங்கினால் அடுத்த படகு.

படி 4: தீவில் சுற்ற

துக்துக்குக்குள் நடையே போதும். அதைத் தாண்டினால் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், உரிமத்தைக் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் கார் ஓட்டும் கிளாஸ் 3 உரிமம் பைக்குக்குச் செல்லாது. விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரிக்க அதுவே போதும். பைக்குக்கான கிளாஸ் 2பி உரிமம் இல்லையென்றால் ஓட்டுநரோடு கார் எடுங்கள்.

எளிதான முதல் நாள்: ஒரு பக்கம் தோமோக், மறுபக்கம் அம்பாரிதா. இரண்டும் பக்கம்தான். தோமோக்கில் சிடாபுத்தார் அரச குடும்பத்தின் கல் ஈமப்பேழைகள். அம்பாரிதாவில் இந்தப் பகுதியின் பாத்தாக் மக்கள் வழக்குத் தீர்த்த கல் நாற்காலிகள், பின்னால் படகுபோல் வளைந்த கூரை வீடுகள். பக்கத்தில் குற்றவாளியின் தலையை வெட்டிய கல்லையும் காட்டினார்கள். என் மகன் நாற்காலியில் உட்கார்ந்து தங்கைக்குத் தண்டனை விதித்துக்கொண்டிருந்தான்.

மேற்குக் கரையின் பாங்குருரான் வெந்நீர் ஊற்றுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அங்கே தீவும் பெருநிலமும் பாலத்தால் இணைந்திருக்கின்றன. படகுக்குப் பயந்தவர்கள் அந்த வழியாகச் சாலையிலேயே வரலாம், தூரம்தான் அதிகம்.

படி 5: நீச்சலும் சாப்பாடும்

விடுதிப் படிக்கட்டை ஒட்டியே நீந்துங்கள். கரை சட்டென்று ஆழமாகிவிடும். இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும்.

பாத்தாக் கடைகளில் பன்றி இறைச்சி சகஜம். சைவக்காரர்கள் "தான்பா டாகிங்" என்றால் இறைச்சி வராது, ஆனால் மிளகாய்ச் சம்பலில் பிளாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். அதையும் தனியாகச் சொல்லுங்கள். காடோ காடோவும் (கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறி) டெம்பேயும் (புளிக்கவைத்த சோயா) எங்கும் உண்டு. காப்பி பிரமாதம்.

படி 6: திரும்ப

விமானம் இரவில் என்றாலும் காலைப் படகையே பிடியுங்கள். விடுதித் துறையில் நின்று கையை ஆட்டினால் வருகிற படகு ஒதுங்கும். நாங்கள் ஆட்டியது யார் கண்ணிலும் படவில்லை. அம்மா சிவப்புத் துண்டை எடுத்து வீசினார், படகு திரும்பியது.

நேரம் மிச்சமிருந்தால் மேடானில் கம்போங் மெட்ராஸில் இறங்குங்கள். தோட்ட வேலைக்கு வந்த தமிழர்கள் 1884-இல் எழுப்பிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கேதான். அம்மா கேட்டது அதை மட்டும்தான், நான்தான் முதலில் திட்டத்தில் சேர்க்கவில்லை.