வீடா ஆபீஸா: வேலை எங்கே அதிகம் நடக்கிறது என்று நீங்களே எண்ணிப் பார்ப்பது எப்படி

வீட்டிலிருந்து பார்த்தால் வேலை ஓடுமா என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும், கணக்குதான் இருக்காது. மேனேஜருக்கு, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் துணி மடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். நமக்கோ ஆபீஸ் போனால் பாதி நாள் பேச்சிலும் மீதி நாள் மீட்டிங்கிலும் போவதாகத் தோன்றும். நானும் ரொம்ப நாள் "எனக்கு வீட்டில்தான் வேலை நடக்கும்" என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தவன்தான். ஒரு வீம்புக்காக ஆறு வாரம் நோட்டில் குறித்து எண்ணிப் பார்த்தேன், நான் சொன்னதில் பாதி சரி, பாதி வெறும் ஆசை என்று தெரிந்தது. அந்த எண்ணும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பெரிய ஆய்வுகளைப் படித்தே முடிவு செய்துவிடலாமே என்று கேட்கலாம். சிக்கல் என்னவென்றால் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. சீனாவில் சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனம், 2010 கடைசியில், தன் கால் சென்டர் ஊழியர்களில் விருப்பம் தெரிவித்தவர்களைப் பிறந்த தேதி இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று பார்த்துப் பிரித்து, ஒரு பிரிவை மட்டும் வாரம் 4 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கவிட்டது. ஒன்பது மாதம் நடந்த அந்தச் சோதனையை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூமின் குழு கணக்கெடுத்தபோது, வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. அப்போ வீடுதான் ஜெயித்தது என்று எழுந்திருப்பதற்குள் சென்னையில் நடந்த இன்னொரு சோதனை குறுக்கே வரும். அங்கே டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்தவர்களைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் பிரித்தார்கள்; வீட்டிலிருந்தவர்கள் 18 சதவீதம் குறைவாகச் செய்திருந்தார்கள். அதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. வீடுதான் பிடிக்கும் என்று சொன்னவர்களுக்குத்தான் வீட்டில் சரிவு அதிகம், 27 சதவீதம். ஆபீஸ் பிடிக்கும் என்றவர்களுக்குச் சரிவு 13 சதவீதம்தான். அதனால் எண்ண ஆரம்பிக்கும் முன் உங்கள் விருப்பத்தைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள்.

முதலில், எதை எண்ணுவது? மணி நேரத்தை எண்ணாதீர்கள், அனுப்பிய மெயிலை எண்ணாதீர்கள், சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியை எண்ணவே எண்ணாதீர்கள் (அதை அணையாமல் வைத்துக்கொள்ள மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்த நாட்கள் எனக்கும் உண்டு, அந்த நாட்களில் வேறு எந்த வேலையும் செய்ததாக ஞாபகம் இல்லை). உங்கள் கையை விட்டுப் போய், அடுத்தவர் எடுத்துக்கொண்டு, திருத்தத்துக்காகத் திரும்பி வராத வேலைதான் முடிந்த வேலை. கணக்கு எழுதுபவருக்கு முடித்த லெட்ஜராக இருக்கலாம், புரோகிராமருக்கு, இன்னொருவர் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட மாற்றமாக இருக்கலாம், மொழிபெயர்ப்பவருக்குத் திருப்பி அனுப்பப்படாத பக்கமாக இருக்கலாம். எல்லா வேலையும் ஒரே அளவில் இருக்காதே என்றால், சின்னதற்கு 1, நடுத்தரத்துக்கு 2, பெரியதற்கு 3 என்று புள்ளி போடுங்கள். ஆனால் வேலையைத் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். முடித்த பிறகு போட்டால், கஷ்டப்பட்டதெல்லாம் 3 ஆகிவிடும்.

அடுத்து, வேலையை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: தனியாக உட்கார்ந்து செய்வது, பேசிச் செய்வது, கற்றுக்கொள்வது அல்லது கற்றுக்கொடுப்பது. இதைச் செய்யாமல் மொத்தமாக எண்ணினால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் இடம் மாறினால் இந்த மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். தனி வேலைக்கு அமைதி போதும். சிட்ரிப் ஊழியர்கள் நிமிடத்துக்கு அதிக அழைப்புகளை எடுத்ததற்கு வீட்டில் சத்தம் குறைவு என்பதே காரணம் என்றார்கள். பேசிச் செய்வது அப்படி இல்லை. 2022இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வில், நேரில் உட்கார்ந்த ஜோடிகளைவிட வீடியோ கால் ஜோடிகளுக்குப் புது யோசனைகள் குறைவாகவே வந்தன. ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோ ஜோடிகள் ஒன்றும் பின்தங்கவில்லை. அப்படியென்றால் மீட்டிங்கிலேயே இரண்டு வகை இருக்கிறது, யோசிக்கும் மீட்டிங் ஆபீஸ் நாளுக்கு, முடிவு சொல்லும் மீட்டிங் எங்கே இருந்தாலும் ஓடும். மூன்றாவது வகைதான் யாரும் கணக்கில் சேர்க்காதது. சென்னை சோதனையில் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் இருந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது, மீதி ஆபீஸில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர் என்றால், உங்கள் நோட்டு என்ன சொன்னாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாட்களைப் பிரிப்பது. இதில்தான் எல்லோரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறோம். மீட்டிங் நிறைந்த நாளில் ஆபீஸ் போய்விட்டு, அமைதியான வெள்ளிக்கிழமையில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "பார்த்தீர்களா, வீட்டில்தான் வேலை நடக்கிறது" என்றால் அது இடத்தின் பெருமையா, வெள்ளிக்கிழமையின் பெருமையா? முடிந்தால் ஞாயிறு இரவு சீட்டுக் குலுக்கி எந்தெந்த நாள் ஆபீஸ் என்று எடுங்கள். ஆபீஸே நாளை முடிவு செய்கிறது என்றால், மூன்று வாரம் கழித்து நாட்களை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் பரவாயில்லை, கனமான மீட்டிங் நாட்களை மட்டும் நோட்டில் வட்டமிட்டு, கடைசியில் அவற்றைத் தள்ளியும் சேர்த்தும் இரண்டு தடவை கூட்டிப் பாருங்கள்.

நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்: எந்த இடம், முடிந்தவற்றின் புள்ளி, திரும்பி வந்த வேலை, முதல் வேலையைத் தொட்டதிலிருந்து கடைசியாக மூடியது வரை எத்தனை மணி, யாருடைய பதிலுக்காவது எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தீர்கள், போய்வரும் நேரம். சாயங்காலம் கிளம்பும் முன் எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் எழுதமாட்டீர்கள், நானே முதல் வாரத்தை அப்படித்தான் கெடுத்தேன்.

ஆறு வாரம் முடிந்ததும் கூட்டுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன், எண்கள் நான் போட்டவை. வீட்டில் 15 நாள், 135 மணி நேரம், 42 புள்ளி. ஆபீஸில் 10 நாள், 80 மணி நேரம், 26 புள்ளி. நாள் கணக்கில் பார்த்தால் வீட்டில் 2.8, ஆபீஸில் 2.6, வீடு முன்னால் நிற்கிறது. மணிக் கணக்கில் பார்த்தால் தலைகீழாகிவிடும்: ஒரு புள்ளிக்கு வீட்டில் 3 மணி 13 நிமிடம், ஆபீஸில் 3 மணி 5 நிமிடம். ஏன்? வீட்டில் நாளொன்றுக்கு 9 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம், ஆபீஸில் 8தான். இது உதாரணத்துக்காக இட்டுக்கட்டிய விஷயமும் இல்லை. ஆசியாவைச் சேர்ந்த ஒரு பெரிய ஐடி நிறுவனத்தில் 10,000க்கும் மேற்பட்டவர்களைப் பெருந்தொற்றுக் காலத்தில் பார்த்த ஆய்வில், வீட்டுக்கு மாறியதும் வேலை நேரம் ஏறியது, முடித்த வேலையோ லேசாக இறங்கியது. மீட்டிங்குகள் பெருகியதால் இடையூறில்லாமல் உட்காரும் நேரம் சுருங்கிவிட்டது. சிட்ரிப்பின் 13 சதவீதத்திலும் 9 சதவீதம், இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து அதிக நேரம் உட்கார்ந்ததால் வந்தது. வேகம் கூடியதால் வந்தது 4தான்.

இன்னும் முடியவில்லை, போய்வரும் நேரத்தைச் சேருங்கள். ஆபீஸ் நாளுக்கு ஒன்றரை மணி என்றால் 10 நாளுக்கு 15 மணி, மொத்தம் 95. இப்போது ஆபீஸில் ஒரு புள்ளிக்கு 3 மணி 39 நிமிடம் ஆகிறது, வீடு மறுபடி முன்னால் வந்துவிட்டது! ஒரே நோட்டு, மூன்று விடை. நிறுவனம் நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தைக் கணக்கிடுகிறது, நீங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து திறக்கும் வரை கணக்கிடுகிறீர்கள், அதனால்தான் இந்தச் சண்டை எத்தனை வருஷமானாலும் ஓயமாட்டேன் என்கிறது. இரண்டு பேர் சொல்வதும் அவரவர் கணக்கில் சரிதான்.

விடை வந்த பிறகு என்ன செய்வது? வீட்டில் தனி வேலையே இறங்கியிருந்தால், இடத்தைக் குறை சொல்லும் முன் காத்திருந்த நேரத்தைப் பாருங்கள். எனக்கு அங்கேதான் ஓட்டை இருந்தது, ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் வர மத்தியானம் ஆகிவிடும், அதுவரை வேறு எதையோ நோண்டிக்கொண்டிருப்பேன். கேள்விகளை முந்தின நாள் சாயங்காலமே மொத்தமாக எழுதி அனுப்ப ஆரம்பித்ததும் பாதி சரியாகிவிட்டது. திரும்பி வரும் வேலை வீட்டு நாட்களில் அதிகம் என்றால், வேலையைச் சொல்லும் விதத்தில் கோளாறு, தொடங்கும் முன் பத்து நிமிடம் போன் போட்டுப் பேசுங்கள். சும்மா வேலை நேரம் மட்டும் நீண்டிருந்தால், மூடும் நேரத்தை நிர்ணயித்து லேப்டாப்பைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

மேனேஜரிடம் போகும்போது "எனக்கு வீடு வசதி" என்று ஆரம்பிக்காதீர்கள், நோட்டைக் காட்டுங்கள், உங்களுக்குச் சாதகமில்லாத வரியையும் சேர்த்து. அவர் மனம் மாறுமா என்றால், அதற்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அதே சீன நிறுவனம் பிறகு 1,612 பேரை வைத்து, வாரம் இரண்டு நாள் வீடு என்று ஆறு மாதம் சோதித்தது, முடிவு 2024இல் நேச்சரில் வெளியானது. வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், மதிப்பீட்டிலும் பதவி உயர்வுகளிலும் வித்தியாசமே இல்லை. வேலை இறங்கும் என்று தொடக்கத்தில் சொன்ன மேனேஜர்கள் கடைசியில் லேசாக ஏறும் என்றார்கள். நீங்களே மேனேஜர் என்றால் எல்லோருக்கும் ஒரே விதி போட்டுவிடாமல், டீமுக்கு டீம் எண்ணச் சொல்லுங்கள். ஆபீஸ் நாள் என்றால் எல்லோரும் ஒரே நாளில் வரட்டும். ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு பக்கத்து டீமோடு வீடியோ காலில் பேசுவதைப் போல வீணான நாள் இல்லை.

நோட்டில் ஏறாத விஷயங்களும் உண்டு. பழைய சிட்ரிப் சோதனையில், அதே அளவு வேலை செய்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. முடிந்த பிறகு இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது வீட்டிலிருந்தவர்களில் பாதிப்பேர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள், தனிமை தாங்கவில்லை.

எனக்கு ஆறு வாரக் கணக்கில் செவ்வாயும் வியாழனும் ஆபீஸ் என்று வந்தது, அப்படியே வைத்துக்கொண்டேன். அப்புறம் புதிதாக ஒருவர் பக்கத்து நாற்காலிக்கு வந்தார், அவருக்காக ஒரு நாளைக் கூட்டினேன். என் புள்ளி இறங்கியது, அவருடையது ஏறியது. கற்றுக்கொடுத்ததற்கு எத்தனை புள்ளி போடுவது என்று தெரியாமல் மறுபடி புது நோட்டு ஒன்றை எடுத்திருக்கிறேன்.